பாத்திரப் பட்டறையும் முகமறியாத் தரகரும்

திருப்பூர் என்றதும் பனியன் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், அனுப்பர்பாளையத்தின் பெயரை நிலைநாட்டியது நூலன்று, உலோகத் தகடு. பித்தளை, செம்பு, எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் சிறு பட்டறைகளையும் இன்று இணைய வணிகம் அழைக்கின்றது. அவ்வழைப்பை ஏற்போர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் சரக்கைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது என்பது நம் கருத்து.

இணையத் தரகு முறை, 1996-இல் அமேசான் நிறுவனம் தன் கூட்டாளர் திட்டத்தைத் தொடங்கிய பின்னர்ப் பெரிதும் பரவியது. ஒருவர் தம் பக்கத்திலோ காணொளியிலோ ஓர் இணைப்பைத் தருகின்றார். அதன் வழியே வந்தவர் பொருள் வாங்கினால் இவருக்குத் தரகு கிடைக்கின்றது. விற்றால்தானே கொடுக்கப்போகிறோம், வருவோரையெல்லாம் சேர்த்துக்கொண்டால் என்ன குறை என்று நம்மவர் கேட்பதுண்டு.

ஈபே நிறுவனமும் அவ்வாறே எண்ணியிருக்கக்கூடும். அதன் தரகர் வரிசையில் முன்னணியில் நின்ற இருவர், இணைப்பை அழுத்தாதவர்களின் கணினிகளிலும் தம் அடையாளக் குறிப்பை இரகசியமாகப் பதித்து, தாமாகவே வாங்கவந்தோரின் கணக்கிலும் தரகு பெற்றனர். 2008-இல் ஈபே வழக்குத் தொடுத்தது. 2014-இல் இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கே இந்நிலை என்றால், கணக்கெழுத ஒருவரை மட்டும் வைத்திருக்கும் பட்டறையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இத்துணைத் திறமைகூட வேண்டியதில்லை. பட்டறையின் பெயரைத் தேடுவோர் முன் தம் விளம்பரத்தை நிறுத்திவிட்டாலே போதும். எப்படியும் வரவிருந்த வாடிக்கையாளருக்கும் தரகு எழுதிவிடலாம்.

பணம் போவதைவிடப் பெயர் போவதே கொடிது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கலாகாது என்பதை நம் பாட்டிமார் அறிவர். காணொளித் தரகர் அறிவாரா? செம்புக் குடத்து நீர் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று அவர் சொல்லிவிட்டால், வாங்கியவர் தேடி வருவது அவரையன்று, குடத்தை அடித்தவரை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 238-ஆம் பிரிவில், முகவர் தம் பணியின்போது செய்த பொய்யுரை உரிமையாளரே செய்ததற்கு ஒப்பாகும் என்கின்றது. இணையத் தரகர் முகவர்தாமா என்பதில் வழக்கறிஞர்கள் வாதிடலாம். வாதம் முடியும்வரை அலைவது பட்டறைக்காரரே. தவறான விளம்பரத்திற்கு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். பொருளுக்குச் சான்று கூறுவோர் தமக்கும் விற்பவருக்கும் உள்ள பணத்தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என 2022-ஆம் ஆண்டின் நெறிமுறைகளும் கூறுகின்றன.

தரகின் அளவு பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். துணிக்கோ நூலுக்கோ வகுத்த விழுக்காட்டை அப்படியே பித்தளை அண்டாவுக்குப் பொருத்துவது பேதைமை. அண்டாவின் விலையில் பெரும்பகுதி உலோகத்தின் விலை. பட்டறைக்கு உரியது செய்கூலியும் சிறு இலாபமுமே. மொத்த விலையில் நூற்றுக்குப் பத்து என ஒப்புக்கொண்டால், அது தொழிலாளியின் கூலியில்தான் கைவைக்கும். செய்கூலியின்மீது தரகைக் கணக்கிடுவதே முறை. அதற்கு இசையாதவர் நமக்கு வேண்டாதவர்.

கடனுக்குச் சரக்கு அனுப்புமுன் கடைவீதியில் நாலு பேரிடம் விசாரிப்பது நம் வணிகர் வழக்கம். அதையே இங்கும் செய்யலாம். விண்ணப்பித்தவரின் முந்தைய காணொளிகளைப் பொறுமையாகப் பார்க்கட்டும். தொலைபேசியில் ஒருமுறையேனும் பேசட்டும். ஈயப்பூச்சு எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி பேர் கழிந்துவிடுவர். நூறு பேரைச் சேர்த்து எவரையும் கவனியாதிருப்பதினும் ஐவரைச் சேர்த்து மாதந்தோறும் அவர்கள் கணக்கைப் பார்ப்பது மேல். பட்டறையின் பெயரில் விளம்பரம் வைக்கலாகாது, மருத்துவப் பயன் பேசலாகாது, தாமே வாங்கித் தமக்கே தரகு எழுதலாகாது என்பவற்றைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதிக் கையொப்பம் பெறட்டும். பொருளைத் திருப்பித்தரும் கெடு கழியும்வரை தரகுப் பணத்தைக் கொடாதிருத்தலும் வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பின்னர் மனத்தாங்கலுக்கு இடமிராது.