யானையின் இருப்பிடம் யாருக்குத் தெரிய வேண்டும்?

2023 மே 27 அன்று காலை கம்பம் நகரின் தெருக்களில் ஓர் ஆண் யானை ஓடியது. அது தாக்கியதில் காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். நகரில் 144 தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிசிக்காகக் கடைகளை உடைத்தே பெயர் வாங்கிய அரிக்கொம்பன்தான் அது. ஏப்ரல் 29 அன்று கேரள வனத் துறை பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டபோது மாட்டிய செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை, அன்றும் அதன் கழுத்தில் இருந்தது.

விருதுநகர் மாவட்டத்துக்காரனான எனக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல. பெரியாற்றில் விடப்பட்ட சில நாள்களிலேயே அந்த யானை மேகமலைக்கு வந்திருந்தது. மேகமலையும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளும் 2021 முதல் ஒரே புலிகள் காப்பகம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோப்புகளில் மாவும் தென்னையும் சாய்க்கப்படுவது எங்களுக்குப் பழகிவிட்ட துயரம். இரவுக் காவலுக்குப் போகிறவரின் கையில் இருப்பது டார்ச் விளக்கும் வெடியும்தான். பட்டாசு மாவட்டத்தில் வெடிக்குப் பஞ்சமில்லை. மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்பது மட்டும் வெடித்தவருக்கும் தெரியாது.

கழுத்துப்பட்டை தன் இடத்தைக் கணக்கிட்டு, குறித்த இடைவெளியில் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகிறது. இடைவெளியைக் குறைத்தால் மின்கலன் விரைவில் தீரும். அடர்ந்த மரக்கூரையும் ஆழ்ந்த பள்ளத்தாக்கும் சமிக்ஞையை மறைக்கும். ஆகவே, அதிகாரியின் திரையில் தெரியும் புள்ளி, யானை சற்றுமுன் இருந்த இடம். ஆய்வாளருக்கு அது போதும். தோப்புக்காரருக்குப் போதாது.

ஆய்வுக்கு இக்கருவி தந்தது பெரிது. இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர், இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளைப் பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து 2012இல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். சில யானைகள் பிடிக்கப்பட்ட இடத்துக்கே திரும்பின. சில நெடுந்தொலைவு அலைந்தன. சில மட்டுமே புதிய இடத்தில் நிலைத்தன. இடமாற்றத்தால் மோதல் மேலும் பரவியது, யானைகளின் சாவும் கூடியது என்பது அவர்களின் முடிவு. அதைப் படித்தவர் எவருக்கும் அரிக்கொம்பனின் பயணம் வியப்பளித்திருக்காது. 2022 டிசம்பரில் கூடலூர்ப் பகுதியில் பிடித்து முதுமலையில் விட்ட மக்னா யானையும், கழுத்தில் பட்டையோடே அடுத்த மாதம் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குள் நுழைந்தது.

2024 பிப்ரவரியில் மானந்தவாடி அருகே ஒருவரைக் கொன்ற யானையின் கழுத்திலும் கர்நாடக வனத் துறையின் பட்டை இருந்தது. அதன் தகவல் உரிய நேரத்தில் கேரளத்துக்குக் கிடைத்ததா என்று சர்ச்சை எழுந்தது. இரு மாநிலத் துறைகளுக்கிடையிலேயே இந்த நிலை என்றால், தோப்புக் காவலாளியை யார் நினைப்பார்?

வால்பாறை இதற்கு வேறு வழி காட்டியிருக்கிறது. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் யானைகளைப் பார்த்தவர்கள் சொல்வதைத் திரட்டி, அருகில் குடியிருப்போருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினர். கைபேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகளை நிறுவினர். அந்த ஏற்பாட்டுக்குச் செயற்கைக்கோள் தேவைப்படவில்லை. மனிதர்களின் கண்ணும் ஒரு கைபேசியும் போதுமானதாக இருந்தன.

துல்லியமான இருப்பிடத்தை வெளியிட்டால் வேட்டைக்காரருக்கும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கும் வழிகாட்டியதாகும் என்பது நியாயமான அச்சம். அந்தக் கூட்டத்தைக் கம்பத்தில் பார்த்தோம். ஆனால் ‘செண்பகத்தோப்புப் பக்கம் யானை நடமாட்டம், இரவில் தோப்புக்குப் போக வேண்டாம்’ என்று சொல்ல அட்சரேகை தேவையில்லை. பட்டை மாட்டிய யானைகளின் தகவலும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நேரில் கண்டதும் ஒரே அறையில் சேர வேண்டும். அங்கிருந்து அந்தந்த ஊர்க் கைபேசிகளுக்குப் பொழுது சாய்வதற்கு முன் செய்தி போக வேண்டும். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் யானைக்காகக் கேரள வனத் துறையுடன் நிரந்தர ஏற்பாடு வேண்டும். பட்டைக்குச் செலவிடும் அரசுக்கு இது பெரிய தொகையாக இராது.

அரிக்கொம்பனை 2023 ஜூன் 5 அன்று மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். அதன் பிறகு அது எங்கே மேய்கிறது என்ற தகவல் நாளேடுகளில் அடிக்கடி வந்தது. எங்கள் மலையடிவாரத்துக்கு இன்றிரவு இறங்கப்போகும் பெயரில்லாத யானைகளைப் பற்றி, மாந்தோப்பில் காவல் இருப்பவருக்கு இன்னும் நாய் குரைப்பதே தகவல்.