கோணிப்பைக்குள் ஒரு சமாதி

"எங்க அப்பா ஓட்டின புல்லட்டு, ஸார். இன்ஜினைப் பிரிச்சு, ஒரு நட்டுகூட வெளியே போகாம பத்திரமா வெச்சிருக்கேன்" என்று பெருமையோடு சொல்லும் பிள்ளைகள் போடிநாயக்கனூரில் பலர் உண்டு. குரங்கணிப் பக்கத்திலும், போடிமெட்டுச் சாலையை ஒட்டிய தோட்ட வீடுகளிலும் இதே பெருமையைக் கேட்கலாம். 'எங்கே, காட்டுங்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு கோணிப்பை இழுபட்டு வரும். வாயை அவிழ்த்தால் செங்கல் பொடி போல் ஏதோ கொட்டும். சிலிண்டரும் பல்சக்கரங்களும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு துருவேறிக் கிடக்கும். இதற்குப் பெயர் பத்திரமாம்!

பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடுகிறவனைப் பாசமில்லாதவன் என்று நாம் ஏசுகிறோம். என்னைக் கேட்டால் அவனே மேல். அவன் போட்ட சாமான், தேவைப்பட்டுத் தேடிவரும் ஒருவன் கையில் சேர வழியிருக்கிறது. வீட்டில் வைத்துக்கொண்டே அழியவிடுகிறவனோ தானும் ஓட்டுவதில்லை, பிறரையும் ஓட்டவிடுவதில்லை. அப்பாவின் நினைவு என்று சொல்லிச் சோம்பேறித்தனத்துக்குப் பட்டு வேஷ்டி கட்டிவிடுகிறான்.

'மலைக் காற்று ஸார், ஈரம். என்ன செய்வது?' என்று சமாதானம் சொல்கிறார்கள். இந்தச் சமாதானத்தை வேறு ஊர்க்காரர் சொன்னால் மன்னிக்கலாம். ஏலக்காய் ஊர்க்காரர் சொல்லலாமா? ஈரத்தைப் பற்றி இவர்களுக்குப் பாடம் நடத்த இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்? பறித்த பச்சைக் காயைத் தாமதிக்காமல் உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோகிறார்கள். மிதமான சூட்டில் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உலர்த்துகிறார்கள். காம்பையும் தூசியையும் தேய்த்து நீக்கி, சலித்து, அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள். சூடு ஆறுமுன் மூட்டை கட்டினால் உள்ளே வியர்க்கும் என்பதும், வெறும் சாக்கு ஈரத்தைக் குடிக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்; அதனால் உள்ளே பாலிதீன் உறையிட்டு, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குகிறார்கள். இத்தனை வித்தையும் தெரிந்த அதே கை, இரும்பை மட்டும் வெறும் சாக்கில் கட்டி ஈரச் சிமெண்டுத் தரையில் போடுகிறது. ஏலக்காய்க்கு ஏலத்தில் விலை கிடைக்கிறது, இரும்புக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வகைப் பக்தர்களும் உண்டு. இவர்கள் சுத்தம் செய்தே கொல்கிறவர்கள். கரி போகவேண்டும் என்று காஸ்டிக் சோடாத் தண்ணீரில் எல்லாவற்றையும் ஊறப்போடுவார்கள். வார்ப்பிரும்பு தாங்கும், அலுமினியம் தாங்காது. புல்லட்டின் சிலிண்டர் ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியம். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்குப் போகிறது என்று மகிழ்வார்கள், போவது உலோகம். பிறகு உப்புத்தாள் போட்டு மினுக்குவார்கள். கேஸ்கட் உட்காரும் முகம் மேடு பள்ளமாகி, பிற்பாடு ஆயுள் முழுக்க எண்ணெய் கசியும். ஆயுத பூஜையன்று குழைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் வெற்று இரும்பில் அப்பி, அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்து வருவது ஐப்பசி மழை. பொட்டு வைத்த இடத்தில்தான் முதல் துரு பூக்கிறது.

செய்யவேண்டியது பெரிய சாஸ்திரமில்லை. மண்ணெண்ணெயோ டீசலோ விட்டுத் தூரிகையால் கழுவவேண்டும். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி அடுப்பைத் தேடிப் போகும். கழுவிய கசடைக் கொட்டகுடி ஆற்றுக்கு இறங்கும் ஓடையில் ஊற்றவும் வேண்டாம். அலுமினியத்தில் படிந்த கரியை மரச் சீவலால் சுரண்டினால் போதும். ஈரமில்லாமல் உலர்த்தி, அன்றைக்கே எண்ணெயோ கிரீஸோ பூசவேண்டும். வியர்த்த விரல் ரேகைகூட இரும்பில் துருவாகப் பதியும். எண்ணெய்க் காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, எந்த வண்டி, எந்தப் பக்கம், எந்த வால்வு என்று சீட்டு எழுதிக் கட்டவேண்டும். மழைக்கு முன் வருஷம் ஒருமுறை பிரித்துப் பார்க்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

'எல்லாம் புதிதாகக் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?' என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. அதன் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் 2010 வாக்கில் நின்றுபோயிற்று. 1961-ல் ஜாவா வண்டிகளைச் செய்யத் தொடங்கிய மைசூர்த் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. அவற்றுக்குச் சந்தையில் நகல் பாகங்கள் வருகின்றன, வாஸ்தவம். ஆனால் கிராங்க் கேஸின் இரு பாதிகளும் ஜோடியாகக் கடையப்பட்டவை. ஒரு பாதியைத் துரு தின்றால் மற்றப் பாதி அநேகமாக வெறும் பாரம்தான். அந்த ஜோடியை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

இன்றும் மலைச் சரிவில் பழைய வண்டியை நம்பிப் பிழைக்கிறவன் இருக்கிறான். அவனுக்குத் தேவையான ஒரு கியர் உங்கள் விறகு அடுக்குக்குப் பின்னால் அழுகிக்கொண்டிருக்கலாம். ஆகவே, துடைத்து வைக்க மனமிருந்தால் இந்த வாரமே மூட்டையை அவிழுங்கள். இல்லையென்றால் துணிந்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு அதில் ஒரு குறைவும் வந்துவிடாது. அவர் வண்டியை ஓட்டிய மனிதர்.