கருத்தடை மாத்திரையும் குருதியும்: மகளிடம் சொல்ல வேண்டியது

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலும் சுற்று வட்டாரத்திலும் வாழும் நம் தமிழ்ப் பெற்றோர் பலர், மகளுக்கு மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதித் தந்தார் என்றதும் துணுக்குறுகின்றனர். மாதவிடாய்க் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, முகப்பரு ஆகியவற்றுக்கும் அதே மாத்திரை தரப்படுவதை எண்ணிப் பார்ப்பதில்லை. "இரத்தத்தையே கெடுத்துவிடும்" என்ற பேச்சு மட்டும் வீட்டுக்கு வீடு பரவுகிறது.

அப்பேச்சில் சிறிது உண்மை உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் மெஹ்தாப் பாம்ஜி முதலிய ஆய்வாளர்கள், மாத்திரை உட்கொண்ட குறைந்த வருவாய்ப் பெண்களின் உயிர்ச்சத்து நிலையை ஆராய்ந்து 1975இல் வெளியிட்டனர். சிவப்பணுக்களில் குளுட்டதயோன் ரிடக்டேஸ் என்றொரு நொதி உண்டு. பி2 உயிர்ச்சத்து குறைந்தால் அது மந்தமாகும். அவ்வுயிர்ச்சத்திலிருந்து உருவாகும் துணைநொதியைச் சோதனைக் குழாயில் சேர்த்ததும் வேகம் பெரிதும் கூடினால், உடலில் பற்றாக்குறை என்று பொருள். (பொறியியல் படித்தவனுக்கு இம்முறை மிகவும் பிடிக்கும்!) பி6க்கும் இத்தகைய சோதனை உண்டு. ஆனால் பாலும் தயிரும் பருப்பும் உண்டு வளரும் பிள்ளைகளுக்கு இது பெருங்கவலையன்று. மேலும், 1960இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மாத்திரையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்று பெரும்பாலானவற்றில் 20 முதல் 35தான்.

கவனிக்க வேண்டிய நொதி வேறு. குருதியை உறையச் செய்யும் த்ராம்பினைச் சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன், உறைதற் காரணிகள் சிலவற்றைக் கல்லீரலில் மிகுவிக்கிறது. த்ராம்பினை அடக்கும் புரதங்களைக் குறைக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் தந்த கணக்குப்படி, ஓராண்டில் 10,000 பெண்களில் மாத்திரை உட்கொள்ளாதோரில் 1 முதல் 5 பேருக்கும், உட்கொள்வோரில் 3 முதல் 9 பேருக்கும் நாளங்களில் குருதிக்கட்டி உண்டாகிறது. கருவுற்ற காலத்திலோ 5 முதல் 20 பேருக்கு!

ஆகவே மாத்திரையைப் பிடுங்கி எறிவது தீர்வன்று. ஊரில் சித்திக்கோ பாட்டிக்கோ காலில் குருதி உறைந்ததை, "வெளியே சொன்னால் கல்யாணம் தடைப்படும்" என்று மறைத்து வைத்திருக்கிறோமே, அதுதான் ஆபத்து. நியூ ஜெர்சியில் 2023இல் கையெழுத்தான சட்டம், தனி மருந்துச் சீட்டின்றி மருந்தாளுநரே கருத்தடை மாத்திரை வழங்க இடமளிக்கிறது. அங்கு நிரப்பும் வினாப் படிவத்தில், தனக்குத் தெரியாத குடும்ப வரலாற்றை நம் மகள் எவ்வாறு எழுதுவாள்?

தாய்மார்களே, அடுத்த சென்னைப் பயணத்துக்கு முன் இதைப் பேசிவிடுங்கள். நெடுநேரம் அசையாது அமர்ந்து பறப்பதும் உறைதலைத் தூண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ கண்டால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மாத்திரை உட்கொள்வதை அங்கு மறைக்காதீர்கள்.