மின்துறையை விற்க யாரைக் கேட்டீர்கள்?

புதுச்சேரியின் மின் விநியோகத்தை நூறு விழுக்காடும் தனியாருக்குக் கொடுக்க 2022 செப்டம்பர் 27-இல் டெண்டர் விட்டார்கள். மறுநாளே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன்பின் வந்த இருட்டையும் சாலை மறியலையும் பற்றி ரெட்டியார்பாளையத்து வாசகருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பழி ஊழியர் தலையில் விழுந்தது. நம் கேள்வி வேறு. யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியாருக்குப் போகும் என்று 2020 மே மாதம் டெல்லியில் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் நம் சட்டப்பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஓட்டுப்போட்டு நாம் அனுப்பியவர்கள் வேண்டாம் என்றதை, எந்த அதிகாரத்தில் தாண்டிப் போனீர்கள்? அந்தத் தீர்மானத்துக்கு ஒரு காகிதத்தின் மதிப்புகூடக் கிடையாதா? புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்குக்கும் இனி ஒரே வியாபாரி. மளிகைக்காரர் ஏமாற்றினால் அடுத்த கடைக்குப் போகலாம். கரண்டுக்கு அடுத்த கடை எது? நள்ளிரவில் ஃபியூஸ் போனால் இன்று பிரிவு அலுவலகத்தில் போய் நிற்கிறோம், எம்.எல்.ஏ. வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். நாளை எந்தக் கதவைத் தட்டுவது?

முதலீடு வரும் என்கிறார்கள். மகாராஷ்டிரத்துக்கும் வந்தது. அமெரிக்க என்ரான் நிறுவனத்தின் தாபோல் மின் திட்டத்தை 1995-இல் ரத்து செய்த அதே ஆட்சி, பிறகு அதனுடனேயே புது ஒப்பந்தம் போட்டது. 1996-இல் 13 நாள் இருந்த மத்திய அரசு, போகிற போக்கில் அதற்கு உத்தரவாதம் தந்தது. விலை கட்டுப்படியாகாமல் 2001-இல் மாநில வாரியம் மின்சாரம் வாங்குவதை நிறுத்தியது. அந்த ஆண்டே என்ரானும் திவாலானது. அக்கரையில், இலங்கையின் மன்னார் காற்றாலைத் திட்டத்தை இந்தியத் தனியாருக்குக் கொடுக்க இந்தியத் தரப்பின் அழுத்தம் இருந்ததாக நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன இலங்கை மின்சார சபைத் தலைவர், 2022 ஜூனில் பேச்சைத் திரும்பப் பெற்றுப் பதவியையும் விட்டார்.

இங்கே கோப்பில் கையெழுத்திடுகிறவர்களின் பழைய கணக்கு என்ன? 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில்லை 2020 ஏப்ரல் 30-இல் மூடினார்கள். 1936 ஜூலை 30-இல் 12 தொழிலாளர்கள் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு உயிர்கொடுத்தார்களே, அந்தச் சவானா மில்லும் இன்று ஓடவில்லை. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை இல்லை. 2022-இல் ரேஷன் கடைகளுக்கும் பூட்டுத் தொங்கியது. கையில் கொடுத்த எதைக் காப்பாற்றினீர்கள், மின்துறையை நம்பி ஒப்படைக்க?

டெண்டரை ரத்து செய்யுங்கள். மின்துறையில் குறை இருந்தால், ஊழியரையும் மக்களையும் வைத்துப் பேசி வழி காணுங்கள். முதலில் பேரவையைக் கூட்டுங்கள்.