பேச்சுக்குப் பணமா?

நம் ஊரில் ஒருவர் "கவுன்சிலரைப் பார்க்கப் போகிறேன்" என்று சொன்னால், "எந்த வார்டு? குழாய்த் தண்ணீர் விஷயமா, சாக்கடை விஷயமா?" என்றுதான் அடுத்த கேள்வி பிறக்கும். குடியாத்தம் நகரசபை அங்கத்தினர்களைத் தவிர வேறு வகைக் கவுன்சிலர்களும் உலகத்தில் உண்டு என்பதும், அவர்களோடு பேசுவதற்கு மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு என்பதும் சென்ற ஆண்டு வரையில் நமக்கே சரிவரத் தெரியாது. தெரியாமல் இருந்ததோடு நின்றிருந்தால் பாதகமில்லை. தெரிந்தவரைப்போல் யோசனையும் சொல்லிவிட்டோம்.

நம்மிடம் படித்த பையன் ஒருவன். தகப்பனார் கைத்தறியில் லுங்கி நெய்கிறவர். பையன் பி.காம். தேறி, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் உத்தியோகத்தில் அமர்ந்தான். ஒரு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கையில் அவனுக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, உயிர் இதோ போய்விட்டது என்றே நினைத்தான். பிறகு அது வாரத்துக்கு இரண்டு முறை வந்தது. இரவில் தூக்கம் போயிற்று. ஈ.ஸி.ஜி., எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் ஆயின. ஒன்றிலும் குற்றமில்லை. மந்திரித்துக் கயிறு கட்டியதற்கும் ஒரு தொகை போயிற்று. இவை எவற்றுக்கும் தகப்பனார் முகம் சுளிக்கவில்லை. கடைசியில் டாக்டர், "உடம்பில் நோயில்லை, இது பயத்தின் வேலை. மனோதத்துவ நிபுணர் ஒருவரைப் பாருங்கள்" என்று வேலூருக்கு அனுப்பினார்.

இரண்டாம் முறை போய் வந்த அன்று மாலை தகப்பனார் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "வாத்தியாரய்யா, நீங்களே நியாயம் சொல்லுங்கள். எண்ணூறு ரூபாய் வாங்குகிறார்கள். ஊசியில்லை, ஒரு மாத்திரை இல்லை. ஐம்பது நிமிஷம் பேச்சு. இன்றைக்குப் பையன் அழுதுகொண்டே வெளியே வந்தான். அழவைப்பதற்கா பணம்?" என்று கேட்டார்.

நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? விசாரித்துச் சொல்கிறோம் என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, பட்டம் பெற்றவருக்கு உரிய தோரணையில், "பேசுவதற்கு நாமெல்லாம் இல்லையா? கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம்" என்றோம். நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் பையன் பஸ் ஏறவே அஞ்சி உத்தியோகத்தையும் விட்டுவிட்டான். வெளியே வருவதில்லை. தறியருகே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். நாம் பார்க்கப் போனபோது எழுந்து நின்று, "வாங்க ஸார்" என்றான். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் நாம் விசாரிக்கத் தொடங்கினோம்.

முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் வைத்தியம் என்று சொல்லத்தக்கது அதிகம் நடப்பதில்லை. தூக்கம், பசி, குடும்பம், வேலை, எப்போது தொடங்கிற்று, எது மாறவேண்டும் என்று விரும்புகிறாய் என்பவைதாம் கேள்விகள். கணக்குப் போடுமுன் கணக்கைப் படிப்பது போன்றது இது. புத்திமதியை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துதான் போவார். புத்திமதி இலவசமாகவே ஊரெல்லாம் கிடைக்கிறதே! அடக்கி வைத்ததைத் திறந்து பேசும்போது அழுகை வருவதும், ஓரிரு வாரம் முன்னைவிடக் கலக்கமாக இருப்பதும் அபூர்வமல்ல. கட்டியைக் கீறினால் முதலில் வலிக்கத்தான் செய்யும். அந்த அழுகையைக் கண்டுதான் நாம் கதவைச் சாத்தச் சொன்னோம். ஆனால் பல வாரம் சென்றும் கலக்கம் தணியாவிட்டால் அதை நிபுணரிடமே சொல்லிக் கேட்க வேண்டும். ஒருவர் ஒத்துவராவிட்டால் வேறொருவரிடம் போவதும் குற்றமல்ல.

பயத்துக்கும் சோர்வுக்கும் இப்போது பெரிதும் கையாளப்படும் முறையில், எண்ணத்தையும் பழக்கத்தையும் சிறிது சிறிதாக மாற்றும்படி பயிற்சி கொடுக்கிறார்கள். வீட்டுப் பாடமும் உண்டு. வாரம் ஒரு முறையாக ஆறு முதல் இருபது சந்திப்புகள் வரை ஆகலாம். எனவே ஒரு நாள் கட்டணத்தை மட்டும் பார்ப்பது போதாது. பத்து சந்திப்பு என்று வைத்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும். பஸ் கட்டணத்தையும், துணைக்கு வருகிறவரின் தறி ஒரு நாள் சும்மா கிடக்கும் நஷ்டத்தையும் அதனோடு கூட்ட வேண்டும். கையிருப்பு நான்கு சந்திப்புக்குத்தான் போதும் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடலாம்.

பணப் பேச்சு என்றதும் நம்மவர்க்கு ஒரு கூச்சம். இந்தக் கூச்சத்தைப் பற்றி, பேச்சு வைத்தியத்தின் மூல புருஷரான வியன்னா நகரத்து ஃப்ராய்டு 1913-ம் வருஷத்திலேயே எழுதியிருக்கிறார். பண விஷயத்தை வைத்தியர் ஒளிவுமறைவின்றி ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. நோயாளிக்கு ஒதுக்கிய மணி நேரம் அவருடையது. வராவிட்டாலும் கட்டணம் உண்டு. சங்கீத வாத்தியாருக்கும் பாஷை வாத்தியாருக்கும் இந்த வழக்கம் இல்லையா என்று அவர் கேட்கிறார். (வாத்தியார் வர்க்கத்துக்கு இப்படி ஒரு சாட்சி கிடைத்ததில் நமக்குச் சிறிது பெருமை.) ஆயினும் அதே ஃப்ராய்டு 1918-ல் புடாபெஸ்ட் நகரில் பேசும்போது, ஏழைக்கும் மனோ சிகிச்சையில் உரிமை உண்டு, அது இலவசமாகக் கிடைக்கும் காலம் வரும் என்றார். 1920-ல் பெர்லினில் அவர் சீடர்கள் அத்தகைய ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்தும் காட்டினார்கள்.

இதெல்லாம் ஐரோப்பிய விவகாரம் என்று தள்ளிவிட வேண்டாம். கல்கத்தாவில் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே இந்திய மனோபகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். 1933-ல் அந்நகரத்துக் கார்மைக்கேல் வைத்தியக் கலாசாலையிலே, பொது ஆஸ்பத்திரிக்குள்ளேயே மனநோய்க்கென்று ஒரு பிரிவும் ஏற்பட்டது. நமக்கு இன்னும் பக்கத்தில், வேலூரைச் சேர்ந்த பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் இருக்கிறது. காட்பாடியிலிருந்து ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்களில் போகிற எவருக்கும் அவ்வூர்ப் பெயர் பழக்கமானது. 1950-களில் அமிருதசரஸில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினரையும் கூடாரம் அடித்து உடன் தங்கவைத்தார். வேலூரிலும் குடும்பத்தார் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் முறை வேரூன்றியது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றால் உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டுவது என்ற பழைய எண்ணத்துக்கு, நம் வீட்டு வாசலிலேயே இப்படி ஒரு மறுப்பு இருக்கிறது.

யாரிடம் போவது என்பதிலும் எச்சரிக்கை தேவை. மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர். டாக்டர் பட்டத்தோடு அதற்கெனத் தனிப் படிப்பும் படித்தவர். பேச்சு வைத்தியம் செய்யும் கிளினிக்கல் ஸைகாலஜிஸ்ட் என்பவர் இந்தியப் புனர்வாழ்வு கவுன்ஸிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. வெறும் 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டுகிறவர்களில் நன்கு பயின்றவரும் உண்டு. சில வார வகுப்போடு புறப்பட்டவரும் உண்டு. "நிச்சயம் குணம், முழுத் தொகையும் முன்பணம்" என்கிறவரிடம் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். பேசியது வெளியே போகுமா என்று அஞ்சுகிறவர்கள், 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியத்தைக் காப்பதை நோயாளியின் உரிமையாக்கியிருப்பதை அறிய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்னும் நிலை போன்ற சில சந்தர்ப்பங்களே விலக்கு.

அதே சட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு அரசாங்க நிலையங்களில் இச்சிகிச்சை இலவசம் என்கிறது. உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இடங்கொடுக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிஸிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும்; வாரம் ஒரு மணி பேசிவிட்டு வருவதற்குத் தருவது அபூர்வம். பாலிஸியைப் படித்துவிட்டு நம்புக. கையில் காசே இல்லாதவரும், நள்ளிரவில் மனம் தவிக்கிறவரும் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். 2022-ம் வருஷம் மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய டெலி மானஸ் என்னும் இச்சேவை இலவசமானது, தமிழிலும் பேசுகிறார்கள்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, தகப்பனாரிடம் நாம் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டு, பையனை நாமே வேலூருக்கு அழைத்துச் சென்றோம். பஸ்ஸில் நம் கையைப் பிடித்த பிடியை அவன் காட்பாடி வரையில் விடவில்லை. உத்தியோகம் போனபின் எண்ணூறு ரூபாய் தரமுடியாது என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. நாம்தான் கேட்டோம். அந்த அம்மாள், "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்று கூறி, வேலை கிடைக்கும்வரை பாதி கொடுத்தால் போதும் என்றார். வராவிட்டால் மட்டும் முந்தின நாளே தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இப்போது ஒன்பது முறை ஆகிவிட்டது. வீட்டுப் பாடமாக முதலில் பஸ் நிலையம் வரை நடந்தான். பிறகு ஒரு ஸ்டாப், அதன் பிறகு பள்ளிகொண்டா. படபடப்பு முற்றும் நின்றுவிடவில்லை. வந்தால் என்ன செய்வது என்று தெரிகிறது என்கிறான். சென்ற வாரம் தகப்பனார் திண்ணைக்கு வந்து, "அடுத்த தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று விழுகிறது, வாத்தியாரய்யா. அன்றைக்கு ஊரைவிட்டு பஸ் நகராது. முந்தின நாளே போன் செய்து சொல்லிவிடட்டுமா? இல்லாவிட்டால் பணம் பிடித்துக்கொள்வார்களே" என்றார்.