தூசு குடித்த பெட்டிகள்



அஞ்சல் தலை சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய நாணயம், கடிகாரம் சேர்ப்போரையும் அறிவோம். பழைய வாக்குவம் கிளீனர்களைத் தேடித் தேடிச் சேர்ப்போரும் இவ்வுலகில் உண்டு என்றால் நகைப்பீர்கள். நானும் முதலில் நகைத்தவனே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள ஃபாக்ஸ் திரையரங்கில் ஆர்கன் வாசித்த ஸ்டான் கான் என்ற இசைக் கலைஞர் இந்தப் பித்துக்குப் பெயர் பெற்றவர். 2008இல் மறைந்த அவர், தொலைக்காட்சி மேடைகளில் தம் பழைய இயந்திரங்களை இயக்கிக் காட்டி அவையோரை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர்.

இத்தகையோர் கூடினால் ஓயாமல் எழும் வழக்கு ஒன்று உண்டு: பிரிட்டன் மாடல் சிறந்ததா, அமெரிக்க மாடல் சிறந்ததா? சிரிப்பை நிறுத்திவிட்டு இதைச் சற்று ஆராய்ந்தால், இரு நாட்டு இல்லங்களின் வரலாறே அதற்குள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

லண்டன் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளும் ஓர் இயந்திரத்தைக் கண்டார். 'ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. உணவு விடுதி ஒன்றில் நாற்காலியின் மெத்தை மீது கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து மூச்சை இழுத்தார். இருமல் வந்தது; ஆனால் கைக்குட்டையின் மறுபுறத்தில் தூசு படிந்திருந்தது! 1901இல் காப்புரிமை பெற்றார். அவர் இயந்திரமோ குதிரை இழுக்கும் வண்டி அளவினது. அதைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே வீட்டினுள் செலுத்துவார்கள். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைத் தூய்மை செய்ததும் அதுவே. பூத் விற்றது பெரும்பாலும் வேலையை, பெட்டியை அன்று. செல்வர் வீடுகளுக்கு வண்டி வரும், போகும். சாமானியரின் இல்லத்துக்கு அதில் இடமில்லை.

பெட்டியை வீட்டுக்குள் கொண்டு வந்தவர் ஒரு துப்புரவுப் பணியாளர். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில் பெருக்கும் தொழில் செய்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் ஆஸ்துமா நோயாளி. துடைப்பம் கிளப்பிய தூசு அவர் மூச்சை அடைத்தது. வேலையை விட்டால் பிழைப்பு இல்லை. விடாவிட்டால் உடல் தாங்காது. 1907இல் ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு துடைப்பக் கழி, ஒரு தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு அவர் தமக்கென ஒன்றைச் செய்துகொண்டார். 1908இல் காப்புரிமையும் பெற்றார். பெரிதாக உற்பத்தி செய்ய அவரிடம் முதல் இல்லை. சூசன் ஹூவர் என்ற மாது அதைப் பயன்படுத்திப் பார்த்து, தம் கணவர் வில்லியமிடம் சொன்னார். குதிரைச் சேணம் முதலிய தோல் பொருள் செய்து வந்த வில்லியம் ஹூவர், மோட்டார் கார் வந்தபின் குதிரைக்கு எதிர்காலமில்லை என்று கணித்திருந்தார். உரிமையை வாங்கினார். பத்து நாள் வீட்டில் இலவசமாக வைத்துப் பாருங்கள் என்று விளம்பரம் செய்தார். இல்லத்தரசிகளின் அனுபவத்தையே விற்பனையாளராக்கிய தந்திரம் இது!

ஸ்பாங்ளர் 1915இல் இறந்தார். பெட்டியின் மீது நிலைத்த பெயர் ஹூவர்.

இனி வழக்குக்கு வருவோம். 1926இல் வந்த ஹூவர் 700 என்ற அமெரிக்க மாடல் உறிஞ்சுவதோடு நில்லாமல், உருளையில் பதித்த உலோகப் பட்டைகளால் கம்பளத்தை அடித்து உதறியது. அகன்ற அறைகளும் பெரிய கம்பளங்களும் உள்ள வீட்டுக்கு ஏற்றது அது. கிளீவ்லாந்து நகரத்துக் கிர்பி இயந்திரமும் அவ்வாறே: அலுமினிய உடல், முரட்டு உழைப்பு, தூக்கினால் தோள் வலிக்கும் கனம். பிரிட்டனின் வீடுகளோ ஒடுங்கியவை. மாடிப்படிக்குக் கீழுள்ள சிறு அலமாரியில்தான் இயந்திரத்தை ஒதுக்க வேண்டும். அதே படியில் தூக்கி ஏறவும் வேண்டும். ஆகவே 1930களில் அங்கு வந்த ஹூவர் ஜூனியர் உருவில் சிறியது, எடையில் குறைந்தது. பல பத்தாண்டுகள் அது அந்நாட்டில் விற்பனையானது. ஒரே நிறுவனத்தின் பெயர்; ஆயினும் வீட்டுக்குத் தக்க உடல்!

என் தீர்ப்பைக் கேட்டால், கம்பளத்துக்கு அமெரிக்க மாடல். கைக்கும் முதுகுக்கும் பிரிட்டன் மாடல்.

கடல் கடந்து வாங்குவோருக்கு ஓர் இடையூறு உண்டு. அமெரிக்க மின்சாரம் சுமார் 120 வோல்ட். பிரிட்டனில் அதைப் போல் இரு மடங்கு. லண்டன் சேகரிப்பாளர் அமெரிக்க இயந்திரத்தை நேராகச் சுவரில் செருகினால் மோட்டார் வெறிபிடித்துச் சுழன்று கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். (சவூதியிலிருந்து வந்த 110 வோல்ட் மிக்ஸியை ஊரில் செருகிப் புகை கண்ட குடும்பத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை!) பழைய ஒயரின் ரப்பர் உறை நொறுங்கியிருக்கும். எனவே தேர்ந்தவர்கள், கம்பியைச் சோதிக்காமல் எந்தப் பழைய பெட்டிக்கும் மின்சாரம் கொடுப்பதில்லை. துணிப்பையையும் எளிதில் எறிவதில்லை. மோட்டாரைச் சீர்செய்துவிடலாம், இற்றுப்போன பழைய பைக்கு இணையானது எளிதில் கிடைக்காது.

இரு நாட்டாரும் சண்டையின்றி விரும்பும் மாடல் ஒன்றும் உண்டு. 1950களில் வந்த கான்ஸ்டலேஷன், பந்து போல் உருண்டையானது. தான் வெளிவிடும் காற்றின் மீதே மிதந்து, இழுப்பவர் பின்னால் ஓசையின்றி அன்று, நல்ல இரைச்சலோடு வரும்!

மேற்கு லண்டனின் பெரிவேலில் 1930களில் ஹூவர் நிறுவனம் எழுப்பிய வெண்ணிற ஆலை 1982இல் மூடப்பட்டது. கட்டடம் மட்டும் பாதுகாக்கப்பட்டு, பின்புறம் பேரங்காடியாகவும் முன்புறம் குடியிருப்பாகவும் மாறிவிட்டது. ஆனால் வீட்டைத் தூய்மை செய்வதற்குப் பிரிட்டன் மக்கள் இன்றும் 'ஹூவர் செய்தல்' என்றே சொல்கின்றனர். எந்த நிறுவனத்தின் பெட்டியாயினும் அதே சொல்தான். பூத் பிறந்த நாட்டில் பூத்தின் பெயர் வழங்கவில்லை. ஹூவர் பிறந்த அமெரிக்காவிலோ, அதே வேலைக்கு 'வாக்குவம் செய்தல்' என்பதே பேச்சு.