ஆள் இருக்கிறது, அடுத்த படிதான் இல்லை

திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகள் நாலு பேர் கூடினால் பேச்சு ஆர்டரில் ஆரம்பித்து ஆளில் முடியும். "உள்ளூர்ல ஆளே சிக்கறதில்லீங்க, வடக்க இருந்து வர்றவன் இல்லீன்னா கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான்." ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரில் ஆள் பற்றாக்குறை இருப்பது உண்மை. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்தான் சரியில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையாது" என்பது முதல் காரணம். அந்தப் பையன்தான் சித்திரை வெயிலில் சோற்றுப் பொட்டலத்தை முதுகில் கட்டிக்கொண்டு ராத்திரி வரை பைக் ஓட்டுகிறான். பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். வழக்கமாக ஓடுவதோ ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேல். இரண்டிலும் பாடு ஒன்றுதான், இரண்டிலும் மேலே போக வழியும் இல்லை. பைக்கிலாவது நினைத்த நாளில் லீவு போடலாம் என்று அவன் கணக்குப் போடுகிறான்.

"நூறு நாள் வேலையும் மாதம் ஆயிரம் ரூபாயும் ஆளைக் கெடுத்துவிட்டன" என்பது இரண்டாவது. நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வைத்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அதுவும் அப்போது கிராமத்துக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் நூறு நாள்தான். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவருக்கு அந்த வேலையே கிடையாது. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைப் பிரித்தால் நாளுக்கு முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம். அந்தக் காசுக்காக ஒருத்தி மிஷினை விட்டு எழுந்து போகிறாள் என்றால், அந்த மிஷின் அவளுக்கு என்ன கொடுத்தது என்றல்லவா கேட்க வேண்டும்?

"எல்லாம் டிகிரி படிக்கிறான், கைவேலை ஒருத்தனுக்கும் தெரியல" என்பது மூன்றாவது. படிப்பது உண்மைதான், உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் 47 சதவீதம். ஆனால் திருப்பூரில் பெரும்பாலானோர் தையலைக் காலேஜில் பழகியதில்லை. கைமடியாக, அதாவது உதவியாளாக, சேர்ந்தவன் டெய்லர் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுப்பான், அடுக்குவான். டெய்லர் சாப்பிட எழுந்ததும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்ப்பான். அந்த அரைமணி நேரம்தான் பள்ளிக்கூடம். இன்றைக்கு லைன் போட்டு மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்தபின் அது போய்விட்டது. கை ஏற்றுபவர் மூன்று வருடம் ஆனாலும் கை மட்டுமே ஏற்றுகிறார். கழுத்துப்பட்டி பிடிக்கத் தெரியாது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் இரண்டரை சதவீதமாவது தொழில் பழகுநர்களை வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு தரும் திட்டமும் 2016 முதல் இருக்கிறது. பழக்க வேண்டிய இடம் கம்பெனிதான்.

நாலாவது காரணத்தைத் தள்ளிவிட முடியாது. "பழக்கி விட்டா பக்கத்துக் கம்பெனிக்கு ஓடிர்றான்." ஆம், ஓடுகிறான். பழக்கியவருக்குச் செலவு, கூட்டிப் போனவருக்கு லாபம். ஆனால் அவன் ஏன் ஓடுகிறான்? தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் போடும் ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், அயர்ன், செக்கிங், பேக்கிங், கைமடி என்று வேலைவாரியாகத்தான் கூலி. 2021 ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் 32 சதவீத உயர்வு தந்தது. பத்து வருட டெய்லருக்கும் போன வருடம் வந்த டெய்லருக்கும் அதே சதவீதம். அனுபவத்துக்குத் தனி மதிப்பு வேண்டுமென்றால் கேட் மாறுவது ஒன்றே வழி. மாறிப்போகிறவனைச் சேர்த்துக்கொள்பவரும் சங்கத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்தான்.

"கூலியை ஏத்தினா ஆர்டர் வங்கதேசத்துக்குப் போயிரும்" என்பது ஐந்தாவது. அந்தப் பயம் நியாயமானது. வங்கதேசச் சரக்கு வரியில்லாமல் ஐரோப்பாவுக்குள் போகும்போது நம்மூர்ச் சரக்கு வரி கட்டிப் போட்டி போட்டு வந்திருக்கிறது. ஆனால் இங்கே கேட்பது எல்லோருக்கும் ஒரே அடியாக ஏற்றம் இல்லை. ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்ற மூன்று தையல் மிஷின்களும் ஓட்டத் தெரிந்தவருக்கு ஒரு படி கூடுதல். அப்படி நாலு பேர் இருந்தால் ஒருவர் லீவு போட்ட நாளில் லைன் நிற்காது. ஆல்டரேஷனுக்குத் திரும்பும் பீஸ், நாள் தவறியதால் கப்பலை விட்டு விமானத்தில் அனுப்பும் சரக்கு, இவற்றின் செலவை இந்தப் படியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

ஆறாவது, "பொம்பளைங்க பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க." இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இருந்தும் லைனில் சூப்பர்வைசர் பெரும்பாலும் ஆண். கம்பெனி வேன் ஷிப்ட் முடிந்ததும் கிளம்பிவிடும். சூப்பர்வைசரோ அன்றைய கணக்கை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு பெண்ணை ஊரில் இறக்கிவிட ஏற்பாடு இல்லாமல் பொறுப்பை மட்டும் நீட்டினால் எப்படி வாங்குவாள்? அதே பெண் மகளிர் சுயஉதவிக் குழுவில் பாங்க் கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டவைக்கிறாள்.

மற்ற ஊர் மறந்தாலும் திருப்பூர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. இன்றைய முதலாளிகளில் பலர் கைமடியாகவோ டெய்லராகவோ தொடங்கிய வீட்டுப் பிள்ளைகள். தொழிலாளி காண்ட்ராக்ட் எடுத்து, தையலுக்கு நாலு பவர் டேபிள் போட்டு, முதலாளியான கதையை ஆய்வாளர் ஷரத் சாரி 2004-ல் ஒரு முழு நூலாகவே எழுதினார். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் இதே ஊர்தான். அன்றைக்கும் வேலை கடினம்தான். ஆனால் மேலே ஒரு இடம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று ஏற்றுமதிக் கம்பெனி தொடங்கக் கோடிகள் வேண்டும், அந்த வழி அடைபட்டுவிட்டது. அதற்குப் பதிலாகக் கம்பெனிக்குள் வேறு வழி யாரும் திறக்கவில்லை. வடமாநிலத்தவரை நம்பி நாளைக் கடத்துவதும் நிலையில்லை. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய சில பொய் வீடியோக்களுக்கே ஊர் எப்படிக் கலங்கியது என்று பார்த்தோம்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. அடுத்த கூலி ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று தரம், தரத்துக்கொரு கூலி, தரம் உயரச் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் தேர்வு. பழக்கும் செலவை எல்லாக் கம்பெனிகளும் ஏற்றுமதியாகும் பீஸுக்கு இத்தனை பைசா என்று பொதுவில் போட்டால் ஓடிப்போகிறவனால் யாருக்கும் நட்டமில்லை. லைன் சூப்பர்வைசர் வேலைக்கு வெளியாளைத் தேடுவதற்கு முன் உள்ளே இருப்பவரைக் கேட்பது, அவர் பெண்ணென்றால் வேனையும் சேர்த்துத் தருவது. இதையெல்லாம் இரண்டு வருடம் செய்து பார்த்த பிறகும் உள்ளூர் ஆள் வரவில்லையென்றால், அப்போது சோம்பேறி என்று சொல்லட்டும். வாயை மூடிக் கேட்டுக்கொள்கிறோம்.